வடசென்னைத் தொழில்வளையத்தில் பழம் படைக்கலன்களும் படை ஊர்திகளும்: சேகரிப்பு, மீட்டமைப்பு, சட்ட இடைவெளி

ஆய்வுச் சுருக்கம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வடசென்னைத் தொழில்வளையம் படை ஊர்திகளை ஆக்கிய இடம். பழைய இரும்பு பெருமளவில் கைமாறும் இடமும் அதுவே. ஒரே நிலப்பரப்பில் நிகழும் இவ்விரு செயல்களுக்கும் இடையில் வரலாற்றுச் சான்றாக எஞ்ச வேண்டிய படைக்கலன்களும் ஊர்திகளும் பதிவின்றி மறைகின்றன. தஞ்சைப் படைக்கலக் கொட்டிலின் அழிவு, எம்டன் குண்டுச் சிதறல்கள், திருவொற்றியூரில் உருவான புல்லட் ஆகிய மூன்று எடுத்துக்காட்டுகளின் வழி, சேகரிப்பிலும் மீட்டமைப்பிலும் எழும் வேதியியல், அறவியல், சட்டச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஐம்பது முதல் நூறு ஆண்டு வரையிலான அகவையுடைய படைப்பொருள்கள் சட்டப் பாதுகாப்பின்றி நிற்கின்றன என்பது இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: படைக்கலன், மீட்டமைப்பு, துருவேற்றம், காயலான்கடை, எம்டன், புல்லட், தொல்பொருள் சட்டம், வடசென்னை.

1. முன்னுரை

‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்ற தெருக்குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் தமிழகத்தில் பல. பயன் தீர்ந்த பொருளின் மதிப்பு அதன் எடையே என்ற எளிய பொருளியல் அக்குரலில் அடங்கியுள்ளது. அப்பொருளைக் கொள்ளும் இடத்தைக் காயலான்கடை என்கிறோம். காயல்பட்டின வணிகரோடு தொடர்புபடுத்தி இச்சொல்லை விளக்குவது வழக்கம். எடைக்கு விலை போகும் இரும்பில் வரலாற்றுச் சான்றுகளும் அடங்கும் என்பதே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

கோயிற் படிமங்கள், கல்வெட்டுகள், ஓலைச்சுவடிகள் ஆகியவற்றின் பாதுகாப்புக் குறித்துத் தமிழில் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. பீரங்கி, குண்டு, படைப்பிரிவின் மோட்டார்சைக்கிள், சரக்குந்து முதலியன அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. போர்க்கருவியைப் போற்றுதல் போரைப் போற்றுதலாகி விடுமோ என்ற தயக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் ஒரு காலத்தின் உலோகத் தொழில்நுட்பம், உழைப்பு, வணிகம், அதிகாரம் ஆகிய நான்கும் ஒருங்கே பதிந்த பொருள் படைக்கலன். அதனை இழக்கும்போது இந்நான்கின் சான்றையும் இழக்கிறோம்.

2. பழைய இரும்பான தஞ்சைக் கொட்டில்

இவ்விழப்புக்குத் தமிழகத்தின் பெரும் எடுத்துக்காட்டு தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலக் கொட்டில். நாயக்கர் காலத்தும் மராத்தியர் காலத்தும் சேர்ந்த வாள், ஈட்டி, கட்டாரி, அங்குசம் முதலியவை அங்கிருந்தன. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தபின் அரசு கும்பினியின் கைக்குச் சென்றது. 1860களின் தொடக்கத்தில் அக்கொட்டிலின் பொருள்களுள் சில, சென்னை அருங்காட்சியகத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன; எஞ்சிய பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எம். ஜே. வால்ஹவுஸ், ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் 1878இல் இக்கொட்டிலைப் பற்றி எழுதினார்.

தஞ்சைப் படைக்கலன்கள் இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் போன்ற வெளிநாட்டுத் தொகுப்புகளிலும் காணக்கிடைக்கின்றன. தென்னிந்தியப் படைக்கலன்களை ஆராய்ந்த இராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூலுக்கு எழும்பூர்த் தொகுப்பு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

இந்நிகழ்விலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். முதலாவது, அழித்தவர் பகைவர் அல்லர். கணக்குத் தீர்க்க விரும்பிய நிருவாகம். இரண்டாவது, எஞ்சியவை அழகின் அடிப்படையில் எஞ்சின. வேலைப்பாடு மிக்க கட்டாரி காக்கப்பட்டது. எளிய வீரன் ஏந்திய வேலைப்பாடற்ற ஈட்டி உலைக்குச் சென்றது. ஆகவே இன்று நாம் காணும் தொகுப்பு அக்காலப் படையின் முழு உருவத்தைக் காட்டுவதன்று. பெயர்த்துச் செல்ல இயலாத பெருமையால் தப்பியதற்குத் தஞ்சைக் கீழைக்கோட்டை வாயிலருகே பீரங்கிமேட்டில் நிற்கும் பீரங்கி சான்று. இரும்பு வளையங்களையும் பட்டைகளையும் காய்ச்சி அடித்து இணைத்து உருவாக்கப்பட்ட, ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமுள்ள அப்பீரங்கி, வார்ப்பிரும்பன்று. கொல்லர் கைத்திறனால் ஆனது. அதனை இடம்பெயர்க்கும் செலவு இரும்பின் விலையை மிஞ்சியிருக்கும்.

3. எம்டன்: சொல்லாக எஞ்சிய போர்

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, காரல் ஃபான் முல்லர் தலைமையிலான செருமானியப் போர்க்கப்பல் எம்டன், சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கும்பினியின் தாங்கிகள் தீப்பற்றின. உயிரிழப்பும் நேர்ந்தது. அச்சத்தால் மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, எம்டனைத் தாக்கிச் செயலிழக்கச் செய்தது.

அவ்விரவு தமிழுக்கு ஒரு சொல்லைத் தந்தது. துணிவும் சூழ்ச்சியும் மிக்கவனை ‘எம்டன்’ என்று சுட்டும் வழக்கு, கப்பலின் பெயர் என்ற நினைவு மங்கிய பின்னும் நீடிக்கிறது. பொருட்சான்றோ மிகக் குறைவு. 1948இல் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டுச் சிதறல் காட்சிக்கு உள்ளது. உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது.

எம்டனின் பீரங்கிகளுள் ஒன்று 1917 முதல் சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. வென்றவரிடம் பீரங்கியும் தாக்குண்டவரிடம் சிதறலும் எஞ்சின என்பது இயல்பே. எனினும் சிதறலே வரலாற்றாய்வாளனுக்குக் கூடுதல் செய்தி தருவது. அதன் உடைவுத் தோற்றம் குண்டு வெடித்த முறையையும், தடிப்பு குண்டின் வகையையும், கிடைத்த இடம் சுட்ட திசையையும் உணர்த்தும். கிடைத்த இடம் பதிவாகாத சிதறல் வெறும் இரும்புத் துண்டாகிவிடும். சேகரிப்பில் முதற்கடமை பதிவு என்பது இதனால் விளங்கும்.

4. திருவொற்றியூரும் எண்ணூரும்: ஆக்கிய நிலம்

விடுதலைக்குப்பின் வடசென்னை படை ஊர்திகளின் பிறப்பிடமாயிற்று. எல்லைக்காவலுக்கென இந்திய அரசு 1950களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் இராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் 350 சி.சி. புல்லட் மோட்டார்சைக்கிள்களை 800 என்ற எண்ணிக்கையில் வேண்டியது. அவ்வேண்டலின் விளைவாக மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் பணி நடந்தது. 1960களின் தொடக்கத்தில் பாகங்கள் இங்கேயே ஆக்கப்பெற்றன. பீரங்கியைச் சின்னமாகவும் ‘துப்பாக்கிபோல் ஆக்கப்பட்டது’ என்பதை முழக்கமாகவும் கொண்ட அந்நிறுவனத்தின் பெயரே, இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்குப் பாகங்கள் வழங்கிய வரலாற்றைச் சுமப்பது. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற நிறுவனமும் பின்னாளில் படைத்துறைக்குச் சரக்குந்துகளை வழங்கியது. நகரின் மேற்கே ஆவடியில் 1965இல் விஜயந்தா பீரங்கி ஊர்தி முதன்முதலாக வெளிவந்தது.

படைத்துறை கழித்த ஊர்திகள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. அரசுக் கழிபொருள்களை விற்கும் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் 1964இல் தொடங்கப்பட்டது. ஏலம் எடுப்பவருள் மூவகையினர் உண்டு: உருக்குவோர், பாகம் பிரித்து விற்போர், சேகரிப்போர். புதுப்பேட்டை பாகச்சந்தை இரண்டாம் வகையினரின் இடம். மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் குறைவு. எனினும் மீட்டமைப்புக்கு வேண்டிய பழைய கார்புரேட்டரோ பற்சக்கரமோ அவர்களுக்குக் கிட்டுவது இரண்டாம் வகையினரிடமே. ஆதலின் காயலான்கடையைப் பகையாகக் கருதும் பாதுகாப்புத் திட்டம் எதுவும் நிலைக்காது.

5. கடற்காற்றும் இரும்பும்

வடசென்னையில் இரும்பைக் காப்பது பிற இடங்களினும் கடினம். கடற்காற்று குளோரைடு உப்பைச் சுமந்து வருகிறது. தொழிற்புகை கந்தக ஈராக்சைடைச் சேர்க்கிறது. 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையையும் உர ஆலையையும் கொண்ட மணலி, 2009இல் மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடும் மாசடைந்த தொழிற்பகுதிகள் பட்டியலில் இடம்பெற்றது.

துருவை மேற்பரப்பு அழுக்கு எனக் கருதித் தேய்த்து நீக்குவது பரவலான பிழை. குளோரைடு துருவின் அடியில், உலோகத்தை ஒட்டித் தங்குகிறது. காற்றில் ஈரம் மிகும்போது அங்கே அரிப்பு மீண்டும் தொடங்கும். மேற்பரப்பில் பழுப்புநிற நீர்த்துளிகள் அரும்பும். அகாகனைட் எனப்படும் இரும்புச் சேர்மம் உருவாகி மேலடுக்கைப் பெயர்த்துத் தள்ளும். குளோரைடு ஏறிய இரும்பின் அரிப்பை முற்றிலும் நிறுத்த, காற்றின் சார்பு ஈரப்பதத்தை ஏறத்தாழ 12 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும் என்பர். திறந்தவெளியில் அது இயலாது. ஆகவே குளோரைடை வெளியேற்றுவதே வழி. சோடியம் ஐதராக்சைடுக் கரைசலில் நெடுநாள் ஊறவைத்தல், காரச் சல்பைட்டு முறை, மின்பகுப்பு ஆகியன கையாளப்படுகின்றன. பொருளின் அளவுக்கேற்ப இதற்குத் திங்கள்களோ ஆண்டுகளோ ஆகும். அதன்பின் டானிக் அமிலப் பூச்சும் நுண்படிக மெழுகும் இடுவர்.

கடலிலிருந்து எடுத்த வார்ப்பிரும்புப் பீரங்கிக்குத் தனிக்கவனம் வேண்டும். இரும்பு கரைந்து வெளியேற, கிராஃபைட்டு மட்டும் பழைய உருவத்தில் எஞ்சியிருக்கும். கத்தியால் கீறத்தக்க மென்மையுடைய அவ்வடுக்கில்தான் வார்ப்பு எண்ணும் முத்திரையும் இருக்கும். எடுத்தவுடன் உலரவிட்டால் அது வெடித்து உதிரும். மணல் வீச்சால் தேய்த்தால் எழுத்து முழுதும் போய்விடும்.

இத்துறையில் தமிழகத்துக்கு நெடிய மரபுண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களில் எஸ். பரமசிவன் நடத்திய வேதியியல் பாதுகாப்புப் பணி, மின்வேதியியல் முறையால் செப்புத் திருமேனிகளைக் காத்தது. 1953 முதல் இயங்கும் காரைக்குடி மைய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தை முதன்மைத் துறையாகக் கொண்டது. திருமேனிகளுக்குக் கிட்டிய அறிவைப் படைக்கலன்களுக்கும் விரிவாக்குவதே எஞ்சியுள்ள பணி.

மேடைமேல் நிறுத்தப்படும் பீரங்கி ஊர்திகளுக்கு ஏற்படும் கேடு வேறுவகை. மழைநீர் மூடியிடுக்குகள் வழியே உட்புகுந்து தேங்கும். வெளியே ஆண்டுதோறும் புதுவண்ணம் பூசப்பட, உள்ளே அடித்தட்டு அரிக்கும். வண்ணத்தினும் வடிகால் துளை இன்றியமையாதது.

6. மீட்டமைப்பின் எல்லை

மீட்டமைப்பு என்ற சொல் இருவேறு செயல்களைச் சுட்டுகிறது. ஒன்று, எஞ்சியிருப்பதைக் காத்துத் தேவையான அளவுக்கு மட்டும் நிறைவு செய்தல். மற்றொன்று, புதிதுபோல் ஆக்குதல். பழம் ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் உருவாக்கிய டூரின் சாசனம் முதலாவதையே வலியுறுத்துகிறது.

படைத்துறையில் பயன்பட்ட பழைய புல்லட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 70 மி.மீ. உருளை விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அதன் எந்திரத்துக்கு உருளையைக் கடைந்து புதிய பிஸ்டன் இடுவது இயக்கத்துக்குத் தேவையான பழுதுநீக்கம். ஆனால் தாங்கியின் மேற்பூச்சைச் சுரண்டிப் பளபளப்பான கறுப்பு வண்ணமும் பொற்கோடும் இடும்போது, அடியிலிருந்த படைப்பச்சை நிறமும் பிரிவின் குறியும் எண்ணும் அழிகின்றன. இந்தியப் படை ஊர்திகளின் பதிவெண்ணில் மேல்நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிப்பவை. அவ்வெண்ணே அவ்வூர்தியின் பிறப்புச் சான்று. வண்ணம் பூசுவோர் அதனை ஒளிப்படமேனும் எடுக்காமல் அழித்தால், பின்னர் எந்த ஆவணத்தாலும் அதனை மீட்க இயலாமற் போகலாம்.

7. சட்டத்தின் இடைவெளி

இப்பொருள்களை மூன்று சட்ட ஏற்பாடுகள் தொடுகின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

முதலாவது, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம். நூறாண்டு நிறைந்த பொருளே இதன்படி தொல்பொருள். 1914இன் எம்டன் சிதறல்கள் 2014இல் இவ்வகவையை எட்டின. திருவொற்றியூரின் முதற் புல்லட்டுகளோ 2050களின் நடுப்பகுதியில்தான் எட்டும்.

இரண்டாவது, 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம். வழக்கொழிந்த வடிவினதாய், தொன்மை மதிப்புடையதாய், அல்லது பழுதுற்றதாய் இருந்து, பழுதுநீக்கியோ நீக்காமலோ சுடுகருவியாகப் பயன்படுத்த இயலாத படைக்கலனுக்கு அதன் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இதன் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. பழைய துப்பாக்கியைச் சுடும் நிலைக்கு மீட்டமைப்பவர் விலக்கை இழப்பார். மீட்டமைக்கத்தக்கதாக அது இருந்தாலே விலக்குப் பொருந்தாது. ஆகவே சுடுகருவியைப் பொறுத்தவரை, உரிமம் பெறாத சேகரிப்பாளருக்கு இயக்கநிலை மீட்டமைப்பு என்ற இலக்கே இல்லை. நிலைநிறுத்தும் பாதுகாப்பு மட்டுமே உண்டு.

மூன்றாவது, 2021இல் திருத்தப்பட்ட மைய மோட்டார் ஊர்தி விதிகள். முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்குசக்கர ஊர்திகளுக்கு ‘வி.ஏ.’ என்னும் தனிக்குறியுடன் பத்தாண்டுப் பதிவு கிட்டும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சட்டகம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது. இவ்விதி பயணியர் ஊர்திகளை நோக்கி அமைந்தது. படைச் சரக்குந்துகள் இதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. படைப் புல்லட்டுக்கும் ஓர் இடர் உண்டு. பாதுகாப்புப் பணி ஊர்திகள் மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி தனி அதிகாரத்திடம் பதிவாகின்றன. கழிக்கப்பட்ட பின்னரே பொதுப்பதிவு பெறுகின்றன. ஐம்பதாண்டை எந்தப் பதிவிலிருந்து எண்ணுவது என்ற வினா எழும்போது, அம்புக்குறி எண் ஒன்றே கண்கூடான சான்றாகும். அழகுக்காக அதனை அழித்தவர் தம் ஊர்தியின் அகவையையே அழித்தவராவார்.

தொகுத்து நோக்கின், ஐம்பது முதல் நூறு ஆண்டு வரை அகவையுடைய சரக்குந்து, பீரங்கி வண்டி, கம்பியில்லாத் தந்திக் கருவி முதலியவற்றை உருக்குவதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லை. விடுதலை இந்தியாவின் தொழில் வரலாறு பெரும்பாலும் இவ்விடைவெளிக்குள்தான் அடங்குகிறது.

8. பழைய இரும்பில் வரும் வெடிபொருள்

சேகரிப்பார்வம் உயிருக்கு ஊறு விளைப்பதாக மாறக்கூடாது. 2004 செப்டம்பர் இறுதியில் காசியாபாத்தை அடுத்த சாகிபாபாத் உருக்காலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதன்பின் துண்டாக்கப்படாத இரும்பின் இறக்குமதிக்கு ஏற்றுமதித் துறையிலேயே ஆய்வுச் சான்று பெறும் விதி கடுமையாக்கப்பட்டது. மணலிச் சரக்குப்பெட்டகக் கிடங்கில் 2015இல் கைப்பற்றி வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டு, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பின்னரே பொதுக்கவனம் பெற்று அகற்றப்பட்டது. ஒரு பொருளின் ஆபத்து ஏட்டில் இருந்தும் நினைவில் இல்லாமற்போவது எளிது என்பதை அது காட்டிற்று.

பழைய குண்டு துருவேறியதால் செயலற்றுப் போவதில்லை. பிக்ரிக் அமிலம் நிரப்பப்பட்ட பழங்குண்டுகளில் அவ்வமிலம் உலோகத்தோடு சேர்ந்து, சிறு உரசலுக்கும் வெடிக்கவல்ல சேர்மங்களை உண்டாக்கும். ஆகவே குண்டு எனத் தோன்றும் எதனையும் தூக்கவோ, தேய்க்கவோ, அறுக்கவோ கூடாது. இடத்தைக் குறித்துவிட்டு விலகிக் காவல்துறைக்கு அறிவிப்பதே முறை. வெடிப்பொருள் வல்லுநர் வெறுமையாக்கிச் சான்றளித்த பின்னரே அது அருங்காட்சியகப் பொருளாகலாம்.

முடிவுரை

தஞ்சைக் கொட்டிலின் இரும்பு உலைக்குச் சென்றபோது, எது எதற்காகக் காக்கப்பட வேண்டும் என்று வினவுவதற்கு வரையறை இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் வடசென்னையின் படை ஊர்திகளுக்கு அத்தகைய வரையறை இல்லை. இதற்குப் பெரும் பொருட்செலவு கோரும் தொடக்கம் தேவையில்லை. ஏலத்துக்கு விடுமுன் ஒவ்வொரு வகையிலும் ஓர் ஊர்தியை ஒதுக்குதல். சட்டக எண், எந்திர எண், அம்புக்குறி எண், மேற்பூச்சு அடுக்கு ஆகியவற்றை ஒரு பதிவட்டையில் குறித்து ஒளிப்படம் எடுத்தல். அப்பதிவில் காயலான்கடை வணிகரையும் பங்காளராகக் கொள்ளுதல். ஆக்கிய தொழிலாளர்களின் நினைவுகளை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்தல் ஆகிய நான்கும் உடனடியாக இயலக்கூடியவை. இவற்றுள் கடைசியானது மிக விரைந்து செய்யத்தக்கது. 1950களின் இறுதியில் இருபது அகவையில் ஆலையில் சேர்ந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். துருவேற்றத்தை வேதியியல் தாமதப்படுத்தும்; நினைவின் தேய்வைத் தாமதப்படுத்தப் பதிவு ஒன்றே உண்டு.